பதினான்காம் தேதிக் கடிதம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் தாளாக வந்து சேர்ந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் அச்சுப்பொறிகளையும் நகல் இயந்திரங்களையும் பழுது பார்க்கிறவன். இந்தத் தலைநகரத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எஸ்நாத் சிசாலே என் கடைக்கு வந்து, கழற்றிப் போட்டிருந்த உருளைகளை ஒதுக்கிவிட்டு, அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். எஸ்நாத், ஊழல் விசாரணைக் குழுவின் அதிகாரி. அவருடைய அலுவலக இயந்திரம் அடிக்கடி என்னிடம் வரும். அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, கையெழுத்து இருக்கு. கை ஊர்ல இல்ல. எப்படின்னு சொல்லுங்க," என்றார்.

தாளில் இருந்தது அதிபரின் ஆணை. இன்ன நிறுவனத்திடமிருந்து, இன்ன விலைக்கு, டெண்டர் இல்லாமல் உரம் வாங்கலாம் என்று வேளாண் அமைச்சகத்துக்கு எழுதியது. உரம் வந்தது. மூட்டைக்குள் பாதி மணல். எங்கள் நாட்டில் மக்காச்சோளம் விளையாவிட்டால் சாப்பிட எதுவும் இல்லை. ஆகவே விசாரணை வந்தது.

எஸ்நாத் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அதிபர் ஒன்பதாம் தேதி வெளிநாடு போனார், பத்தொன்பதாம் தேதி திரும்பினார். ஆணையில் உள்ள விலை பன்னிரண்டாம் தேதிதான் முடிவானது, அதனால் போகும் முன் எழுதியிருக்க முடியாது. கடிதம் பதினான்காம் தேதி அமைச்சகத்தில் பதிவாகியிருக்கிறது, அதனால் திரும்பிய பின் எழுதியிருக்கவும் முடியாது. போலிக் கையெழுத்தா என்றால், அதுவும் இல்லை. அவருடையதேதான் என்று இரண்டு நிபுணர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னொண்ணு," என்றார். "இவ்வளவு பெரிய விஷயத்த எதுக்கு இவ்வளவு பொடி எழுத்துல அடிச்சிருக்காங்க? கீழ பாருங்க, தாள்ல மூணுல ஒரு பங்கு காலியா கெடக்கு."

அதிபரின் தனிச் செயலாளர் வெட்சன் கும்வெண்டா அதற்குள் கைதாகி, ஜாமீனில் வெளியே வந்திருந்தார். அதிபரிடம் போகும் தாளும், அவரிடமிருந்து வரும் தாளும் அவர் கை வழியாகத்தான் போகும். கேள்விக்குப் பதில் தெரியாதபோது, வழியில் நிற்கிற ஆளைப் பிடிப்பது வழக்கம். குற்றம் நிரூபணமானால் பதினான்கு வருடம்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"அதிபர் மாளிகை வாசலில் காவலர்கள் வெட்சனின் காரை மறித்து அவரைக் கீழே இறக்கி—"

[விட்டுவிட்டேன். அப்படி நடக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்த கடிதம் வந்த அன்று, அவரே அலுவலகக் கார் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மினிபஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். நடத்துனர் அவரை அடையாளம் கண்டு, "பெரிய ஐயா, உள்ள தள்ளி உக்காருங்க, நாலு பேர் சீட்டு இது," என்றாராம்.]

இரண்டாவது தொடக்கம்: "வெட்சன் கும்வெண்டா நேர்மையான மனிதர்."

[இதையும் அடித்தேன். இப்படிச் சொன்னால் நீங்கள் உடனே சந்தேகப்படுவீர்கள். நானும்தான்.]

நாட்டின் பெயரையும் மூன்றாவது வரைவில் எடுத்துவிட்டேன். ஏரி இருக்கிறது, ஏரியில் சம்போ மீன் இருக்கிறது, மத்தியானம் எல்லோரும் ன்சீமாக் களி சாப்பிடுகிறோம். அவ்வளவு போதும். நிறுவனத்தின் பெயரை எழுதினால் என் கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

வெட்சனைப் பற்றித்தான் எனக்கு முடிவே வரவில்லை. அவரை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். முன்பு மொழி வாத்தியார். அதிபர் வெறும் கட்சித் தலைவராக இருந்த காலத்தில் அவருக்கு உரை எழுதிக் கொடுக்கப் போய், அப்படியே கூட இருந்துவிட்டார். என் பில்லில் இருக்கும் காற்புள்ளிகளைத் திருத்தியபின்தான் கையெழுத்துப் போடுவார். இப்படிப்பட்ட ஆளை வில்லனாக எழுதிப் பார்த்தேன். மூன்று பக்கத்துக்குமேல் அவர் வில்லனாக நடக்க மறுத்தார். தியாகியாக எழுதினேன். அது அதைவிட மோசம், ஏனென்றால் அவர் தப்பு செய்திருந்தார். என்ன தப்பு என்று சொல்வதற்கு முன், ஒரு கடிதம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

3

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் மறுநாள், மிஞ்சினால் அதற்கு மறுநாள் அடக்கம். குழி வெட்டும் குழு ஒருபுறம் வேலை செய்யும், பெண்கள் உடலோடு வீட்டுக்குள் இருப்பார்கள், ஆண்கள் வெளியே. கல்லறையில் வரிசையாகப் பேச்சு நடக்கும். குடும்பம், சர்ச், ஊர்த்தலைவர். இறந்தவர் வாத்தியாரோ, நர்ஸோ, கட்சியின் மகளிர் கிளைத் தலைவியோ என்றால், ஊர்த்தலைவருக்குப் பிறகு ஒருவர் எழுந்து, அதிபரிடமிருந்து வந்த கடிதத்தைப் படிப்பார். அதைக் கூட்டம் எழுந்து நின்று கேட்கும். மண் விழுவதற்கு முன் கடிதம் வந்து சேர வேண்டும். ஒருநாள் தாமதமாக வந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது வராத மாதிரிதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிராமம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. மண்சாலை. அதிபர் விமானத்தில். கையெழுத்துக்கு யாரிடம் போவது?

ஆகவே ஞாயிறுதோறும் சர்ச்சில் பூஜை முடிந்ததும் அதிபர் தன் நீல மைப் பேனாவால் இருபது வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போடுவார். முத்திரைத் தலைப்பு மேலே, கையெழுத்து மூன்றில் இரண்டு பங்கு கீழே, நடுவில் ஒன்றுமில்லை. வெட்சன் அவற்றை மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பார். சாவுச் செய்தி வந்ததும் ஒரு தாளை எடுத்து, நடுவில் பதினொரு வரி அச்சடித்து அனுப்புவார்.*

* பதினொன்றுக்குமேல் இடம் இல்லை. அந்தப் பதினொரு வரியும் அவர் சொந்தமாக எழுதியது. அதிபர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

இறந்தவர் பெயர், ஊர், என்ன எழுதினோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைப்பார். காரணம் நியாயமானது. ஒரு மாவட்டத்தில் எல்லாச் சாவுக்கும் அதே ஆட்கள்தான் வருவார்கள். போன மாதம் கேட்ட வாக்கியத்தையே இந்த மாதமும் கேட்டால் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

4

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இந்த இடத்தில் நான்கு வாரம் எழுதாமல் நின்றேன். கதாசிரியர் எல்லாம் அறிந்தவர் என்று சமாளித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடியாது. சொல்கிறேன்.

அந்தப் பதினொரு வரியை அச்சடிக்கும் இயந்திரத்தைச் சரிசெய்து கொடுத்தது நான்.

இரண்டு வருடத்துக்கு முன் வெட்சன் என்னைக் கூப்பிட்டு, கையால் தாள் செருகும் தட்டைக் காட்டினார். தலைப்புக்குக் கீழே நான்கு விரல் விட்டு அச்சு தொடங்க வேண்டும், பென்சில் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும் என்றார். பென்சில் கோடு போட்ட ஒரு சோதனைத் தாளும் கொடுத்தார். தாள் ஒருபக்கம் சாயாமல் போவதற்கு நான் ஒரு தகட்டைச் செதுக்கிப் பொருத்தினேன். மயிரிழைகூடப் பிசகவில்லை. வேலை நன்றாக முடிந்த சந்தோஷத்தில், எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. அவர் சாவி வைத்திருந்த அந்த இழுப்பறையை மட்டும் அன்று பார்த்தேன்; மீதியெல்லாம் பின்னால் வெட்சனே சொன்னது.

எஸ்நாத் வைத்த ஜெராக்ஸில் கையெழுத்து அந்தப் பென்சில் கோட்டு உயரத்திலேயே இருந்ததைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னேன். நிரூபிக்கும் வழியையும் சொன்னேன். பேனா மை தண்ணீர் மாதிரி, தாளுக்குள் இறங்கிவிடும். லேசர் இயந்திரத்தின் கறுப்பு, மை அல்ல; பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருகித் தாளின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆணையில் கையெழுத்தின் வால், கீழே அச்சான "அதிபர்" என்ற சொல்லை வெட்டிக்கொண்டு போகிறது. அசல் தாளை நல்ல லென்ஸின் கீழ் வைத்து அந்த வெட்டுமிடத்தைப் பாருங்கள். அச்சுக்குப் பிறகு கையெழுத்துப் போட்டிருந்தால், நீல மை கறுப்பின்மேல் நிற்க முடியாமல் திட்டுத்திட்டாக உடைந்திருக்கும். கையெழுத்து முதலில் என்றால், கறுப்பு உடையாமல் நீலத்தை மூடிக்கொண்டு பளபளக்கும்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"சரி, வெத்துத் தாள்ல போட்ட கையெழுத்துன்னு காட்டிடலாம். இழுப்பறைச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"வெட்சன்கிட்ட."

"வேற யார்கிட்ட?"

யாரிடமும் இல்லை.

"நீங்க அவர வெளிய எடுக்கறீங்களா, உள்ள தள்றீங்களா அண்ணே? எனக்கு நிரப்பினவன் வேணும். அடுத்த வெள்ளிக்குள்ள வேணும். அன்னிக்குக் குற்றப்பத்திரிகை."

5

(வெட்சன் வீட்டில் நடந்ததை முதலில் ஒரு நாடகக் காட்சி மாதிரி, மழையெல்லாம் வைத்து எழுதியிருந்தேன். அன்று மழை இல்லை. வெயில்.)

வெட்சன் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தியாமிக்கே என்னை உள்ளே வரச் சொல்லிவிட்டு, முந்தின நாள் மாளிகையிலிருந்து ஒரு பழைய நண்பர் வந்துபோனதைச் சொன்னார். வந்தவர் இரண்டு காரியம் கேட்டிருக்கிறார். மீதி வெற்றுத் தாள்களையும் நோட்டையும் எரித்துவிட வேண்டும். கையெழுத்தைப் பார்த்துப் பழகி நானே போட்டேன் என்று வெட்சன் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது நிபுணர் அறிக்கை அலமாரியிலேயே தூங்கும், தண்டனை இரண்டு வருடத்தில் முடியும், பிள்ளைகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"எரிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"பெட்டிக்குள்ள இருக்கு. வேலைய விட்டு நிறுத்தின அன்னிக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாரு. இவருக்கு மனசு வரல. உண்மையச் சொல்லவும் மனசு வரல," என்றார் தியாமிக்கே.

வெட்சன் கடலை உரிப்பதை நிறுத்தாமலே பேசினார். மின்சாரம் இல்லாத நாட்களில், சாவு சொல்ல வந்தவர் அவசரப்பட்டால், வெற்றுத் தாளையே கொடுத்து, வாசகத்தைத் தனியாகக் கையால் எழுதிக் கொடுத்து, ஊரில் அச்சடித்துக்கொள்ளச் சொன்னதுண்டு. இந்த வருடம் நான்கு தடவை. நான்கில் ஒன்றுதான் அந்த ஆணை. எப்போதோ வாங்கிப்போன தாளையும் பிறகு நிரப்பியிருக்கலாம் என்பதால், எது என்று அவருக்கே தெரியவில்லை.

இதுதான் அவர் செய்த தப்பு. இதைப் படிக்கும் வெளியூர்க்காரர் ஒருவர், அவர் ஏன் அடையாளச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு எதையும் கேட்கவில்லை என்று கேட்கக்கூடும். தியாமிக்கேவே கேட்டார்.

"யாரு செத்தது, எப்படிச் செத்தாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடவா தோணல உனக்கு?"

"சாவு சொல்ல வந்தவன்கிட்ட அத்தாட்சி கேக்கறதா? நீ கேப்பியா?"

தியாமிக்கே எழுந்து அடுப்புப் பக்கம் போனார். யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, இப்போதாவது அந்த நாலு பேரிடம் போய்க் கேட்கலாமே என்றேன். வெட்சன் கடலைத் தொலியைத் தட்டினார். "என்னன்னு கேக்கறது? உங்க அப்பா செத்தது நெசந்தானான்னா? அதவிட உள்ள போயிடலாம். அந்தத் தாளு பொய்யின்னு தெரிஞ்சா, முந்நூறு வீட்டுச் சாவு பொய்யாப் போயிடும்."

வழியைக் கண்டுபிடித்தது நான் அல்ல. [ஒரு வரைவில் நான்தான் கண்டுபிடித்ததாக எழுதி இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.] தியாமிக்கே ன்சீமா கிண்டியபடியே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "கேக்காத. துக்கம் விசாரிக்கப் போ. அடக்கத்துக்கு வரமுடியல, இப்ப வந்தேன்னு சொல்லு. எந்த வீட்டுலயும் கதவ மூட மாட்டாங்க. போய் உக்காந்து செவுத்தப் பாரு."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதிபரின் கடிதத்தைப் பெட்டியில் வைக்கும் வீடு எங்கள் நாட்டில் இல்லை. எல்லோரும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில்தான் மாட்டுவார்கள்.

6

புதன்கிழமை காலை என் பிக்கப்பில் கிளம்பினோம். வீட்டுக்கு ஒரு மூட்டை மக்காச்சோள மாவும் சர்க்கரையும் பின்னால் இருந்தன, வெறுங்கையோடு போக முடியாது. முதல் வீட்டில் கடிதம் சுவரில் இருந்தது.

இரண்டாவது வீட்டிலும் இருந்தது. இறந்தவர் பேருந்து ஓட்டுநர் சங்கச் செயலாளர். அவர் மனைவி ஃபைனெஸ் எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு, வெட்சன் அந்தச் சட்டத்தையே பார்ப்பதைக் கவனித்தார். வெட்சன் திடீரென்று, அதை எழுதியது நான்தான், அதிபர் அல்ல என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு திட்டம் எங்களுக்கு இல்லை. நான் தரையைப் பார்த்தேன்.

ஃபைனெஸ் அக்கா கொஞ்சநேரம் அவரை அளந்தார். "அதிபருக்கு என் வீட்டுக்காரரோட சிரிப்பு தெரியும்னு நான் நம்புனேன்னு நெனச்சியா தம்பி? எங்கள அவ்வளவு மக்குன்னா நெனச்ச? அன்னிக்கு ஊரே எழுந்து நின்னு கேட்டுச்சு. எனக்கு அதுதான் வேணும். யாரு எழுதினா என்ன. ஆனா ரெண்டாவது வரியில அவரு பொறந்த ஊரு தப்பு."

வெட்சன் நோட்டைத் திறந்து அந்த ஊரைத் திருத்திக்கொண்டார். வண்டியில் ஏறியதும், "வெள்ளிக்கிழமை வரைக்கும் வேண்டாம். நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்," என்றார். தாளைப் பற்றியா என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார்.

மூன்றாவது வீட்டிலும் கடிதம் இருந்தது.

நான்காவது, ஏரிக்கரையில். நோட்டில் வெட்சன் கைப்பட இருந்தது: பதினோராம் தேதி, ஜாஃபெத் சுங்காவின் தாயார். ஜாஃபெத், அந்த உர நிறுவனத்துக்கு லாரி விடுகிறவன் என்பது எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது. அவன் மாளிகைக்கு வந்தபோது தலையில் துக்கத் துணி கட்டியிருந்தான் என்பது மட்டும் வெட்சனுக்கு நினைவிருந்தது. அன்று மின்சாரம் போய் இரண்டாவது நாள்.

வாசலில் ஒரு அம்மாள் மீனை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் தொப்பியைக் கழற்றி, குனிந்து, சுங்கா குடும்பத்துத் தாயாரின் மறைவுக்குத் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறோம் என்றோம்.

"எந்தத் தாயார்?"

"ஜாஃபெத்தோட அம்மா."

அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். "அவனப் பெத்தது நான் ஒருத்திதான். நான் எப்பச் செத்தேன்?"

வெட்சன் தேதியைச் சொன்னார். அந்த அம்மாள் விரலில் எண்ணிப் பார்த்தார். "அன்னிக்குச் சந்தை. ரெண்டு கூடை வித்தேன்." பிறகு எங்கள் வண்டியின் பின்னால் எட்டிப் பார்த்து, "மாவு எனக்கா? எறக்கி வையுங்க. என் சாவுக்கு வந்தது, திருப்பி எடுத்துட்டுப் போறது நல்லால்ல," என்றார்.

சிரித்தார். ஆனால் உட்கார்ந்துவிட்டார். மகன் தன்னைச் சாகடித்து எதை வாங்கினான் என்று கேட்டார். வெட்சன் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல், மணல் மூட்டை வரைக்கும். அந்த அம்மாள் வீட்டின் பின்னால் இருந்த தன் தோட்டத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் மஞ்சளாக நின்றிருந்த மக்காச்சோளம். அதே உரம்.

"எழுதிக்கோங்க," என்றார். "நான் உசிரோட இருக்கேன்னு எங்க வந்து சொல்லணுமோ அங்க வரேன். வண்டிக்கூலி நீங்க குடுக்கணும்."

7

இங்கிருந்து கதையை மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.

ஒன்று: ஜாஃபெத் எல்லை தாண்டி ஓடுகிறான், வெட்சன் விடுதலையாகி மாளிகைக்குத் திரும்புகிறார். [பொய். பூட்ட வேண்டிய தாளைப் பிறர் கையில் கொடுத்தவருக்கு அந்த மேசை திரும்பக் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்று அவரே சொல்கிறார்.]

இரண்டு: அதிபர் பதவி விலகு—

[இதை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது.]

மூன்று: அந்த அம்மாள் கடைசி நிமிடத்தில் மகனுக்காக மனம் மாறுகிறார். இது நடக்கக்கூடியதுதான், அதனால் வெகுநாள் வைத்திருந்தேன். அவரிடமே படித்துக் காட்டினேன். "நான் அப்படிச் செய்யறவளா? செத்தவளாட்டம் வாய மூடிட்டு இருக்கவா?" என்றார். எடுத்துவிட்டேன்.

8

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெட்சன், பதினேழு வெற்றுத் தாள்களையும் நோட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு விசாரணைக் குழுவின் படியேறினார். தியாமிக்கே அவருடைய நல்ல கோட்டை இஸ்திரி போட்டிருந்தார். மாளிகை நண்பர் இரண்டு தடவை போன் செய்தார். தியாமிக்கே எடுத்து, "அவரு வேலையா இருக்காரு," என்றார்.

எஸ்நாத் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டே, இதனால் போலிக் கையெழுத்துக் குற்றம் போய்விடும், கடமை தவறிய குற்றம் வரும், அதுவும் சிறைதான் என்று சொன்னார். தெரியும் என்றார் வெட்சன். வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்து, இரண்டு காற்புள்ளி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். என்னுடைய வாக்குமூலம் அதற்கு அடுத்தது: தட்டு, தகடு, கேட்காமல் விட்ட கேள்வி. பிறகு அசல் தாளை வரவழைத்தார்கள். நான் லென்ஸைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கினேன். எஸ்நாத் குனிந்து பார்த்தார். அவருடைய மேலதிகாரி பார்த்தார். கறுப்பு எங்கும் உடைந்திருக்கவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு வந்தாலும் இதில் சேர்க்க மாட்டேன். துக்கம் சொல்ல வந்தவனை நம்பிய ஆளுக்கு எத்தனை வருடம், படிக்காமலே இருபது தாளில் கையெழுத்திட்ட ஆளுக்கு எத்தனை, எதற்கு என்று கேட்காமல் தகடு பொருத்தியவனுக்கு எத்தனை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடிந்தது, எஸ்நாத் அன்று மேசையில் வைத்த கேள்விக்கான பதில் மட்டும்.

கையெழுத்து முதலில், எழுத்து பிறகு. அதிபர் வெளிநாடு போகும் முன்பே வெற்றுத் தாளில் கையெழுத்திட்டார். வெட்சன் கும்வெண்டா அதைப் பதினோராம் தேதி, சாகாத ஒரு பெண்மணியின் சாவுக்காக, அவர் மகன் ஜாஃபெத்திடம் கொடுத்தார். ஜாஃபெத் பன்னிரண்டாம் தேதி முடிவான விலையைக் கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்துக்குள் அடங்கும்படி பொடி எழுத்தில் அச்சடித்து, பதினான்காம் தேதி அமைச்சகத்தில் சேர்த்தான்.